டிரில் பிட் சாணை: விளிம்புக்குப் பின்னால் இருக்கும் சரிவுதான் விஷயம்

களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகைக்கு ஆங்கிளும் சதுரப் பைப்பும் வைத்து ஃபிரேம் போட்டிருக்கிறார். அதில் 6, 8, 10 எம்.எம். பிட் மூன்றும் வரிசையாக மழுங்கிவிட்டன. கடையில் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், பக்கத்து லேத் பட்டறையில் நேரமில்லை என்கிறார்கள். வீட்டில் கிடந்த 6 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டரில் தானே தேய்த்துப் பார்த்திருக்கிறார். முனை நல்ல கூராக வந்துவிட்டது, ஆனால் இரும்பில் வைத்து அழுத்தினால் கீச் என்று கத்துகிறதே தவிர இறங்கவில்லை, பிட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொடுக்க இதற்கென்று விற்கிற ஜிக் என்ற தாங்கி வாங்கித்தான் ஆகவேண்டுமா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். கிரைண்டர் இருக்கிறது, பொறுமை இருந்தால் போதும். நீங்கள் கூர் போட்டதும் பொய்யில்லை. ஆனால் கூராக இருப்பது வேறு, வெட்டுவது வேறு. அரிவாளைத் தீட்டுகிற கை இரண்டு பக்கமும் தேய்த்து விளிம்பை மெல்லிசாக்கும், அங்கே அது போதும். டிரில் பிட்டில் விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருக்கிற முதுகுப்பகுதி விளிம்பைவிடத் தாழ்ந்து சரியவில்லை என்றால், அந்த முதுகுதான் முதலில் போய் இரும்பில் உட்காரும், விளிம்பு இரும்பைத் தொடவே தொடாது. கீச் என்ற சத்தம், சூட்டில் பிட் நீலம் பாய்வது, துளைக்குப் பதிலாகப் பளபளப்பான ஒரு குழி விழுவது, இதெல்லாம் முதுகு உரசுவதால் வருகிறவைதான். என் பட்டறைக்கு 'மழுங்கிப்போச்சு அண்ணாச்சி' என்று வருகிற பிட்டுகளில், ஏற்கெனவே ஒருமுறை வீட்டில் தேய்க்கப்பட்டவை என்றால், அநேகமாக எல்லாவற்றிலும் இதே கோளாறுதான்.

உங்கள் பிட்டைக் கையில் எடுத்து முனையை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு வெட்டும் விளிம்பு தெரியும், அவை இரண்டையும் இணைத்து நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு ஓடும். ஐ.டி.ஐ. படித்தவர்கள் அதை சிசல் எட்ஜ் என்பார்கள். இந்தக் கோடு விளிம்புக்கு ஏறக்குறைய 120 முதல் 135 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டும். கிட்டத்தட்டச் செங்குத்தாக, 90-ஐ ஒட்டி நின்றால் முதுகில் சரிவே இல்லை என்று அர்த்தம். ரொம்பவும் படுத்துவிட்டால் சரிவு அதிகமாகிவிட்டது. அப்படிப்பட்ட பிட் முதலில் வேகமாகக் கடிக்கும், விளிம்புக்குப் பின்னால் தாங்குவதற்கு இரும்பு இல்லாததால் சீக்கிரம் பொரிந்து உதிர்ந்துபோகும். வேண்டிய சரிவு 8 முதல் 12 டிகிரி, சின்னப் பிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். 10 எம்.எம். பிட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், முதுகின் பின்கோடி விளிம்பைவிடச் சுமார் ஒரு எம்.எம். தாழ்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். இன்னொரு வழி: பிட்டின் நுனியில் மார்க்கர் பூசி, ஒரு தகட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி அழுத்திக் கையாலேயே அரைச்சுற்று சுற்றுங்கள். விளிம்பில் மை அழிந்தால் சரி. முதுகில் அழிந்தால் எங்கே உரசுகிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முனையின் மொத்தக் கோணம் 118 டிகிரி, அதாவது ஒரு பக்கத்துக்கு 59. சாதாரண இரும்பு, அலுமினியம், மரம் எல்லாவற்றுக்கும் இது ஓடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 135 நல்லது. கோணமானி எதுவும் வாங்க வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு ஆறுபட்டை நட்டை எடுத்துப் பட்டையோடு பட்டை ஒட்டவைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் வரும். ஒவ்வொரு நட்டின் மூலையும் 120 டிகிரி என்பதால், மிச்சமிருக்கிற அந்தப் பள்ளமும் 120-தான். பிட் முனை அதில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தால் கோணம் சரி. இரண்டு டிகிரி வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

அடுத்து கல். வீட்டில் கிடந்த கிரைண்டர் என்றால் கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், அரிவாளும் கடப்பாரையும் தேய்த்த கல் அப்படித்தான் இருக்கும். பள்ளம் விழுந்த கல்லில் கடவுளே வந்து பிடித்தாலும் விளிம்பு நேராக வராது. டயமண்ட் டிரெசரோ நட்சத்திரச் சக்கர டிரெசரோ வைத்து முகத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் பிட்டை எடுக்க வேண்டும். இதில் செலவைப் பார்க்காதீர்கள், ஜிக்குக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சின்னப் பங்குதான் டிரெசர். 60 நம்பர் கல் பிட்டுக்குப் போதும். 36 சொரசொரப்புக் கல் பெரிய உடைசலைச் சீக்கிரம் எடுக்க மட்டும். கையை வைக்கிற ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் 3 எம்.எம்.முக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், பிட் உள்ளே சொருகிக்கொண்டால் கல் உடைந்து பறக்கும். ரொம்ப நாள் சும்மா கிடந்த கல் என்றால் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் போடலாம். சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே விரிசல், தூக்கிப் போடுங்கள். சுவிட்ச் போட்டதும் முதல் ஒரு நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, அது சுற்றுகிற கல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, அவிழ்த்துவிட்ட சாரம் (லுங்கி), இதெல்லாம் கிரைண்டர் பக்கம் வரவே கூடாது. நம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வெளியில் வைத்துப் பிடிக்கும்போது பொறி எங்கே பறந்து போகிறது என்று முதலில் பாருங்கள், ஆட்டுக்கு வைத்திருக்கிற வைக்கோலும் ஓலைச் சாய்ப்பும் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

இப்போது கை. மெஷினை ஓடவிடாமல் தொடங்குங்கள். தேயாத புதுப்பிட் ஒன்று, 10 அல்லது 12 எம்.எம்., இருந்தால் அதுதான் உங்களுக்கு வாத்தியார். ரெஸ்ட்டின் மேல் கல்லின் முகத்துக்கு 60 டிகிரி சாய்வில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள், பிட் அந்தக் கோட்டோடு ஒத்துக் கிடக்க வேண்டும். ஒரு கை முனைக்குப் பக்கத்தில் பிட்டைப் பிடித்து ரெஸ்ட்டின் மேல் ஊன்றியிருக்கட்டும், அந்தக் கை நகரக் கூடாது. இன்னொரு கை வால்பக்கம், அதாவது டிரில்லில் மாட்டுகிற பக்கம். வெட்டும் விளிம்பு மேலே பார்த்தபடி, தரைக்குச் சமமாக, கல்லின் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். இந்த நிலையில் விளிம்பைக் கல்லில் மெதுவாகத் தொடவைத்து, அப்படியே வாலைக் கீழே இறக்கிக்கொண்டே லேசாக முன்னால் தள்ளுங்கள். புதுப்பிட்டின் முதுகு விளிம்பிலிருந்து பின்கோடி வரை கல்லை விட்டு விலகாமல் உரசிக்கொண்டு வருகிறதா? அந்த அசைவுதான் உங்களுக்கு வேண்டும், கைக்கு அது பழகும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.

வால் கீழேதான் போக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வால் இறங்கினால் முதுகு தாழும், சரிவு கிடைக்கும். கை சோர்ந்தோ பதற்றத்திலோ வாலைத் தூக்கிவிட்டால் நேரெதிராக விளிம்பு தேய்ந்து முதுகு உயர்ந்து நிற்கும், உங்கள் பிட்டுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். பழைய ஃபிட்டர்கள் வாலை இறக்கும்போதே விரலால் பிட்டை ஒரு திருப்புத் திருப்புவார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆரம்பத்தில் அதற்கு ஆசைப்படாதீர்கள். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாலும் எதிர்ப்பக்க விளிம்பு கல்லில் பட்டுக் கெட்டுப்போகும்.

மெஷினை ஓடவிட்ட பிறகு, முதுகில் மார்க்கர் பூசி ஒரே ஒரு தொடல். எடுத்துப் பாருங்கள், கல் எங்கே பட்டிருக்கிறது, விளிம்பு வரை வந்திருக்கிறதா, பின்கோடியில் மட்டும் சுரண்டியிருக்கிறதா என்று மை சொல்லும். அப்புறம் பிட்டை அரைச்சுற்றுத் திருப்பி அடுத்த விளிம்புக்கும் அதே தொடல், அதே அழுத்தம். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போகிற வேலை கூடாது, மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். இரண்டு விளிம்பும் ஒரே நீளம் வரவேண்டும் என்பதுதான் காரணம். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால் முனை மையத்தை விட்டு விலகிவிடும், 10 எம்.எம். பிட் 10.5 துளை போடும், போல்ட் லொடலொடக்கும். ஸ்டீல் ரூலை வைத்து அளந்து பாருங்கள், அரை எம்.எம். வித்தியாசம்கூட வேலையில் தெரியும்.

எவ்வளவு தேய்ப்பது? வெயிலில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. அந்த வெள்ளைக்கோடு முழுவதும் போக வேண்டும். முக்கியமாக வெளிமூலை. சுற்றளவில் வேகம் அதிகம் என்பதால் பிட் முதலில் அங்கேதான் மழுங்கி உருண்டையாகும். மூலைக்குக் கீழே பக்கவாட்டிலும் தேய்ந்து கறுத்திருந்தால் அந்த நீளம் முழுவதையும் தேய்த்துத் தள்ளித்தான் ஆக வேண்டும், மனசு கேட்காமல் பாதியில் நிறுத்தினால் பிட் துளையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நல்ல எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், எம்2 ரகம் என்றால் ஏறக்குறைய 6 சதவீதம் டங்ஸ்டன், 5 மாலிப்டினம், 4 குரோமியம், 2 வனேடியம் சேர்ந்தது. சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினம் பெரிதாக விடாது. அதனால் லேசாக நீலம் பாய்ந்ததும் பிட் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சிவக்கும் அளவுக்குச் சூடேற்றிவிட்டு அப்படியே தண்ணீரில் முக்குவதுதான் கெடுதல், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பிறகு விளிம்பு பொரியும். கை பொறுக்கும் சூட்டிலேயே அடிக்கடி முக்கிக்கொண்டே போங்கள், இல்லையென்றால் முக்காமலேயே ஆறவிட்டுப் பிடியுங்கள். மலிவாக வருகிற கார்பன் ஸ்டீல் பிட்டு வேறு சாதி, அது நீலமானால் போனதுதான். எது எது என்று பொறியே சொல்லும்: எச்.எஸ்.எஸ். மங்கலான செம்பொறியாக, குறைவாக விழும். கார்பன் ஸ்டீல் பிரகாசமாக மத்தாப்பாகச் சிதறும்.

சாணை பிடித்த பிறகு 5 எம்.எம். பட்டைத் தகட்டில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். பிட்டின் உடம்பில் சுற்றி ஓடும் இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே தடிமனில் சுருள் ஏறிவந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்து மறுபக்கம் தூள் வந்தால், அந்தத் தூள்பக்க விளிம்பு தாழ்ந்திருக்கிறது, மறுபக்கத்துக்கு ஒன்றிரண்டு தொடல் கொடுங்கள். இரண்டு பக்கமும் தூள்தான் என்றால் சரிவு போதவில்லை. பிட் துள்ளி, துளை முக்கோணமாக வந்தால் சரிவு கூடிப்போயிருக்கலாம். தகடு மெல்லிசாக இருந்தாலும் இப்படித்தான் வரும், அதற்குச் சாணையில் மருந்து இல்லை, அடியில் மரக்கட்டை வைத்து இறுக்கிக்கொண்டு போடுங்கள்.

பலமுறை தேய்த்துக் குட்டையாகிப்போன பிட்டில் இன்னொரு சிக்கல் வரும். பிட்டின் நடுத்தண்டு வால்பக்கம் போகப்போகத் தடிமனாகும்படிதான் செய்திருப்பார்கள், அதனால் தேயத்தேய அந்த சிசல் எட்ஜ் நீளமாகிக்கொண்டே போகும். அந்தக் கோடு இரும்பை வெட்டாது, நசுக்கித்தான் தள்ளும், நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும். கல்லின் விளிம்பு மூலையில் வைத்து, இரண்டு பள்ளத்தின் உள்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தக் கோட்டைக் குறுக்க வேண்டும். வெட்டும் விளிம்பில் கல் படாமல் செய்வது கொஞ்சம் கை பழகிய பிறகு வருகிற வேலை, ஆனால் 10-க்கு மேலான பிட்டில் இதைச் செய்தால் வித்தியாசம் உடனே தோளில் தெரியும்.

சின்னப் பிட்டுக்கு, 6-ம் அதற்குக் கீழும், நான் வேறு முறை சொல்வேன். வாலை இறக்கி வளைக்கிற வித்தை அங்கே கண்ணுக்கே பிடிபடாது. பிட்டை 10 டிகிரி வால் தாழ்த்திப் பிடித்து முதுகைத் தட்டையாக ஒரு பட்டை எடுங்கள், இரண்டு பக்கமும். பிறகு 25 டிகிரி தாழ்த்தி, அதற்குப் பின்னால் இன்னொரு பட்டை, நடுக்கோடு வரை வரும்படி. மொத்தம் நான்கு பட்டை. நடுவில் கோட்டுக்குப் பதில் ஒரு புள்ளி வந்து நிற்கும், அது தானாகவே மையம் பிடிக்கும், பஞ்ச் அடித்துக் குழி போடாத இடத்திலும் அதிகம் வழுக்காது. 3 எம்.எம்.முக்குக் கீழே இருப்பதைச் சாணை பிடிக்க உட்காராதீர்கள், அதற்குச் செலவாகும் நேரத்துக்குப் புதுசு வாங்கிவிடலாம்.

ஆனால் தம்பி, மூன்று பிட்டும் ஒரே வேலையில் மழுங்கியது ஏன் என்று பார்க்காவிட்டால் சாணை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எச்.எஸ்.எஸ். பிட் சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டும். 10 எம்.எம். பிட்டுக்கு அது 800 முதல் 950 சுற்று. உங்கள் கை டிரில் விசையை முழுசாக அழுத்தினால் 2500-க்கு மேல் சுற்றும், அந்த வேகத்தில் வெளிமூலை ஏறக்குறைய 80 மீட்டரில் ஓடும், அது எரியாமல் என்ன செய்யும்? விசையைப் பாதிக்கும் குறைவாகப் பிடியுங்கள், வேகம் குறைத்து அழுத்தம் கூட்டுங்கள். முதலில் 4-ல் ஒரு துளை போட்டு, அப்புறம் 10-ஐ விட்டால் நடுக்கோட்டுக்கு வேலையே இல்லை. எண்ணெய் விடுங்கள். கட்டிங் ஆயில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இந்த வேகத்துக்குத் தேங்காய் எண்ணெயே போதும். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் எண்ணெய் வேண்டாம்.

ஆட்டுக் கொட்டகை வேலை என்பதால் கேட்கிறேன், மிச்சம் கிடந்த டி.எம்.டி. கம்பியில் துளை போட்டீர்களா? அந்தக் கம்பியை ஆலையில் சூடாக இருக்கும்போதே மேலே தண்ணீர் அடித்துக் குளிர்விக்கிறார்கள், அதனால் மேல்தோல் மட்டும் உள்ளே இருப்பதைவிடக் கடினமாக இருக்கும். பிட் அந்தத் தோலில்தான் உயிரை விடும். வெல்டிங் போட்ட இடத்தை ஒட்டித் துளைப்பதும் சிலசமயம் அப்படித்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேறு தொல்லை, அழுத்தாமல் பிட்டைச் சும்மா சுற்றவிட்டால் அந்த இடமே இறுகிப்போகும், பிறகு நல்ல பிட்டும் இறங்காது. அதில் 10 எம்.எம்.முக்கு 300, 400 சுற்றுக்கு மேல் போகாமல், விடாமல் அழுத்தி, சுருள் நிற்காமல் வரும்படி போட வேண்டும்.

சுவரில் போடுகிற பிட்டையும் இதே கல்லில் பிடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் நுனியில் பற்றவைத்திருப்பது டங்ஸ்டன் கார்பைடு, உங்கள் சாம்பல்நிறக் கல் அதை வெட்டாது, கல்தான் தேயும். அதற்குப் பச்சைநிற சிலிக்கான் கார்பைடு கல் அல்லது டயமண்ட் வீல் வேண்டும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது. பனங்கையிலும் தேக்கிலும் துளைக்கிற தச்சர் பிட்டுக்குக் கிரைண்டர் பக்கமே போக வேண்டாம். சின்ன அரத்தால் உள்பக்கத்தில் மட்டும் இழுங்கள், ஓரத்தில் நிற்கும் பல்லின் வெளிப்பக்கத்தை அரம் தொட்டால் அளவு குறைந்து பிட் மரத்தில் சிக்கும்.

ஜிக்கைப் பற்றி என் கருத்து: கெட்ட சாமான் இல்லை. ஒரே அளவுப் பிட்டு நிறைய வைத்திருக்கிற பட்டறைக்கு உதவும். ஆனால் அதில் பிட் எவ்வளவு வெளியே நீண்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அளவுக்கும் செட் பண்ண வேண்டும், அது தப்பினால் சரிவும் தப்பும், சரிவு என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரியாதவர் கையில் ஜிக்கும் கூரான, வெட்டாத பிட்டைத்தான் தரும். கையில் பழகிவிட்டு வாங்கினால் அதன் பயன் முழுசாகக் கிடைக்கும்.

உங்கள் மூன்றில் 10-ஐ முதலில் எடுங்கள், அதில்தான் முதுகு நன்றாகத் தெரியும். இப்போதிருக்கிற கூரை மறந்துவிட்டு, கல்லை டிரெஸ் பண்ணி, மார்க்கர் பூசி, வாலை இறக்கிப் பிடியுங்கள். அது சுருள் விட ஆரம்பித்த பிறகு 8. 6-க்கு நான்கு பட்டை. மூன்றும் வந்த பிறகும் ஒரு பக்கமே சுருள் வருகிறதென்றால், பிட்டின் முனையை நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.